முப்பத்தொன்றாம் துளை

மதிய மணி அடித்தபின்தான்
என் வேலை தொடங்குகிறது.
வார்ப்பு எந்திரங்கள் ஒவ்வொன்றாய் அடங்க
மகாதேவபுராவின் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே
மிச்சமிருக்கும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.
ஸ்ஸ்...
மிளகாய் கடித்தவர் மூச்சிழுப்பதுபோல.

கம்ப்ரெசருக்கு மட்டும் உணவு இடைவேளை இல்லை.
யாரும் எதுவும் செய்யாதபோதும்
ஓட்டைகளுக்கு அது காற்று ஊட்டிக்கொண்டிருக்கிறது.
அதற்கான மின்சாரம்
ராய்ச்சூர்ப் பக்கம் கரியாய் எரிந்து வருகிறது.
காற்று இலவசம் என்பார்கள்.
இங்கே கனமீட்டர் ஒரு ரூபாய் சொச்சம்.

சோப்புத் தண்ணீர், பழைய டூத்பிரஷ்,
ஒரு சுருள் சிவப்பு ரிப்பன்.
ஆறு லட்ச ரூபாய்க் கருவியும் ஒன்று உண்டு,
அது துறைத் தலைவரின் அலமாரியில்
பத்திரமாக இருக்கிறது.
மூட்டில் தடவினால் நுரை பூக்கும்.
பூத்த இடத்தில் ரிப்பன் கட்டி எண் எழுதுவேன்.
மூன்று நாளில் முப்பது.

முப்பத்தொன்றில் நுரை பூக்கவில்லை,
பறந்து வந்து என் முகத்தில் அடித்தது.
சின்ன வட்டம், பிசிறில்லாமல்.
துருவுக்கு இவ்வளவு நேர்த்தி வராது.
"அது லீக் இல்ல மேடம்,"
டிபன் பாக்ஸிலிருந்து நிமிராமலே சொன்னார் அமலநாதன்.
"ஒரு எம்எம் டிரில். நான்தான் போட்டேன்."
அவர் நிற்கும் இடம்
உருகிய அலுமினியத்துக்கு நாலடி.
அந்த ஊசிக் காற்று
சரியாக அவர் பிடரியில் வந்து விழுகிறது.

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி வருகிறவர்.
அப்பா தங்கச் சுரங்கத்தில்.
"எட்டாயிரம் அடி கீழ, கல்லே சுடுமாம்.
டிரில்லுக்கு வர்ற காத்துக் குழாயத் திருகிவிட்டு
அதுக்கு முன்னால உட்கார்ந்துதான் சாப்பிடுவாங்களாம்.
கம்பெனி கணக்குல அதுவும் லீக்தான்."

அன்றிரவு ஹூடியில், என் ஒற்றை அறையில்
இரண்டு நோட்டுகளையும் விரித்தேன்.
ஒன்று தொழிற்சாலைக்கு, ஒன்று எனக்கு.
எனக்கானதில் சிலிண்டர், கீசர், மெட்ரோ,
அக்காவின் சீமந்தத்துக்கு மதுரை போய்வந்த பேருந்து.
தயிர்கூட எழுதியிருக்கிறேன், அசடுபோல.
அமலநாதனின் ஒரு மில்லிமீட்டர்
ஆண்டுக்கு ஒன்றரை டன்.
உமிழ்வைக் குறைப்பது பற்றிப் பேச
போன வருடம் நான் டெல்லிக்குப் பறந்து வந்தது
ஐந்து முறை.
அதுவும் ஏறக்குறைய ஒன்றரை.
மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

அறிக்கையில் எழுதினேன்:
கசிவுகள் நாற்பத்தேழு, அடைக்கலாம்.
வார்ப்புப் பகுதிக்குச் சுவர் மின்விசிறி ஒன்று, அறுபது வாட்.
முதலாளி சதானந்த பை
முதல் வரிக்கு டிக் போட்டார்.
இரண்டாவதை அடித்தார்.
"இது உங்க சப்ஜெக்ட் இல்லையே, டாக்டர்?"
கன்னடத்தில், மிக மரியாதையாக,
காபி ஆறுவதற்குள்.

மூன்று மாதம் கழித்துப் போனேன்.
மீட்டர் இறங்கியிருந்தது,
நான் சொன்ன அளவுக்கு இல்லை.
மிச்சமான அழுத்தத்தில்
மூலையில் புது எந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது,
பொட்டு காயாமல்.
முப்பத்தொன்றில் பற்றவைத்த தழும்பு.
மணி அடித்தது.
எல்லாம் அடங்கியது.
ஸ்ஸ்...
இந்த முறை கொஞ்சம் மேலே, தூணுக்குப் பின்னால்,
என் கை எட்டாத உயரத்தில்.
அமலநாதன் எலுமிச்சைச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிடரி மயிர் மட்டும் அசைந்தது.

சோப்புத் தண்ணீரைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
இரவு எனக்கான நோட்டில், தயிருக்குக் கீழே
எழுதினேன்:
துளை 48. ஒன்றரை டன்.
பிறகு டெல்லிக்கு ஒரு மின்னஞ்சல்.
நேரில் வர இயலவில்லை, காணொளியில் பேசுகிறேன்.
இன்னும் நான்கு பாக்கி.